'கரண்டு' வைக்கும் ஐந்து வாரங்கள்

அறுவை நன்றாக முடிந்தது, தையலும் பிரித்தாயிற்று. கட்டியை எடுத்துவிட்டோம் என்று மருத்துவரே கூறிவிட்டார். அதற்கு மேலும் 'ஐந்து வாரம் கரண்டு வைக்க வேண்டும்' என்றால் யாருக்கும் திகைப்பு ஏற்படும்.

'கரண்டு' என்பது நம் மக்கள் வைத்த பெயர். எந்திரம் மின்சாரத்தால் இயங்குகிறதே தவிர, உடலுக்குள் மின்சாரம் செல்வதில்லை. செல்வது ஆற்றல் மிக்க எக்ஸ் கதிர். கண்ணுக்கும் கத்திக்கும் தப்பிய புற்றுச் செல்கள் அறுவை நடந்த இடத்தில் தங்கியிருக்கலாம். அவற்றின் டி.என்.ஏ. இழைகளைக் கதிர் அறுக்கிறது. அருகிலுள்ள நல்ல செல்களும் அடிபடும். ஆனால் சேதத்தைச் சீர்செய்துகொள்ளும் திறன் அவற்றிற்கு அதிகம். அதற்கு அவகாசம் தரவே மொத்த அளவைப் பல நாட்களுக்குப் பங்கிடுகிறார்கள். மார்பகத்திற்கு வாரம் 5 நாட்களாக, 25 நாட்களில் 50 கிரே கொடுப்பது நெடுநாளைய வழக்கம். (கிரே என்பது உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு.) இப்போது 15 நாட்களில் 40 கிரே என்ற குறுகிய முறையும் பரவியிருக்கிறது. வாய்ப்புற்றுக்குப் பெரும்பாலும் 30 நாட்களில் 60 கிரே.

நாட்கணக்கில்தான் சிக்கல் இருக்கிறது. அந்தியூரிலிருந்தோ சத்தியமங்கலத்திலிருந்தோ நாள்தோறும் ஈரோட்டிற்கு வந்துபோவது எளிதன்று. எந்திரத்தின் கீழ்ப் படுப்பது சில நிமிடம். பேருந்தில் கழிவது அரை நாள். மூன்றாம் வாரத்தில் அலுப்பும் சேர்ந்துகொள்ளும். மஞ்சள் வெட்டு வந்துவிட்டது, மாரியம்மன் நோம்பி முடியட்டும் என்று நாலைந்து நாள் நின்றுவிடுகிறார்கள். அந்த ஓய்வு நல்ல செல்களுக்கு மட்டுமா? எஞ்சிய புற்றுச் செல்களும் பெருகத் தொடங்கும். வாய், தொண்டைப் புற்றுகளில் இது வேகமாக நடக்கும். சிகிச்சை நீள நீளக் குணமாகும் வாய்ப்பு குறையும். ஆகவே யார் துணைக்கு வருவது, மாடு கன்றை யார் பார்ப்பது என்பதையெல்லாம் தொடங்குமுன்பே வீட்டாருடன் பேசி முடிவு செய்யுங்கள். தவிர்க்க முடியாமல் ஒரு நாள் தவறினால் உடனே மையத்திற்குச் சொல்லுங்கள். ஈடுசெய்ய வழிகள் உண்டு.

இரண்டு மூன்று வாரங்களில் தோல் சிவந்து, கருத்து, எரியும். சிகிச்சை முடிந்த பின்னும் ஓரிரு வாரம் கூடிவிட்டுத்தான் தணியும். புண் என்றால் மஞ்சளைத் தேடுவது நம் பழக்கம், அதிலும் ஈரோட்டில் கேட்க வேண்டுமா! ஆனால் கதிர் பட்ட இடத்தில் மஞ்சள், எண்ணெய், பவுடர் எதையும் மருத்துவரைக் கேளாமல் பூசலாகாது. வெதுவெதுப்பான நீரும் மென்மையான சோப்பும் போதும். துடைக்காமல் ஒற்றி எடுங்கள். தோலில் இட்ட அடையாளக் கோடுகள் அழியக்கூடாது. இறுக்கமான ரவிக்கை வேண்டாம்; தளர்வான பருத்தித் துணி நல்லது. மார்பக அறுவை செய்துகொண்டவர்கள் கைப்பயிற்சியை விடக்கூடாது. தோள் இறுகிவிட்டால், எந்திரத்தின் கீழ்க் கையைத் தலைக்கு மேல் தூக்கிப் படுக்கவே இயலாது.

வாய்க்குக் கதிர் வைப்பவர்கள் முன்னதாகவே பல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். பின்னர் பல்லைப் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் அபாயம் உண்டு. வாயில் புண் வந்தால் உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரால் கொப்பளிக்கலாம். காரத்தைக் குறையுங்கள், புகையிலையை அறவே விடுங்கள். பத்தியம் என்று முட்டை, பருப்பு, பால், தயிரை நிறுத்துவது பெரும் தவறு. திசுக்கள் ஆறுவதற்கு வேண்டிய புரதம் அவற்றில்தான் இருக்கிறது.

சில வீடுகளில் நோயாளிக்குத் தனித் தட்டு வைத்து, குழந்தையையும் அண்டவிடுவதில்லை. வெளியிலிருந்து பாய்ச்சும் கதிர், எந்திரம் நின்றதும் நின்றுவிடுகிறது. உடலில் எதுவும் தங்குவதில்லை. பேரக்குழந்தையைத் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம். (தைராய்டுக்குக் கொடுக்கும் கதிரியக்க அயோடின் வேறு வகை, அதற்குச் சில நாள் விலகியிருக்க வேண்டும்.)

சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கோபால்ட்-60 எந்திரம் 1957-இல் வந்தது. இன்று ஈரோட்டிலும் கோவையிலும் கதிர்வீச்சு மையங்கள் உள்ளன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இச்சிகிச்சை அடங்கும். வெளியூர் சென்றுதான் ஆகவேண்டும் என்பவர்களுக்கு ரயிலில் படுக்கை வகுப்புக் கட்டணம் முழுவதும் தள்ளுபடி. உடன் செல்லும் ஒருவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. அதற்குரிய சான்றிதழை மருத்துவமனையில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.