பனிக் காலத்துக் காய்ச்சலும் நாம் நாட வேண்டிய மருத்துவமும்

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை நடக்கும்போதே கம்பம் பள்ளத்தாக்கில் பனி இறங்கத் தொடங்கிவிடுகிறது. விடியற்காலையில் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்பில் ஏறும் கூலியாட்களும், திராட்சைப் பந்தலுக்கு நீர் பாய்ச்சச் செல்லும் விவசாயியும், ஆண்டிபட்டி பக்கத்துக் குழித்தறியில் கால்களை இறக்கி அமரும் நெசவாளியும் இக்குளிரை முதலில் உணர்பவர்கள். மார்கழி, தை மாதங்களில் இருமலும் காய்ச்சலும் இல்லாத வீடு அரிது.

இதனைக் கூட்டுறவுச் சங்கத்தின் பத்திரிகையில் எழுதுவானேன் என்று அங்கத்தினர் சிலர் கேட்கக்கூடும். சங்கங்களின் கடன் பேரேட்டை நாம் பார்வையிடுங்கால், தவணை தவறியதற்குக் காரணம் கேட்டால், ‘வீட்டில் ஆஸ்பத்திரிச் செலவு’ என்ற விடை அடிக்கடி வருகிறது. மழை பொய்த்தால் ஒன்றும் செய்வதற்கில்லை. நூல் விலை ஏறினால் அதுவும் நம் கையில் இல்லை. ஆனால் எந்த நோய்க்கு எங்கே செல்வது என்பது பெரிதும் நம் கையிலேயே உள்ளது.

முதலில் சாதாரண ஜலதோஷம். இது வைரஸ் கிருமியால் வருவது. பெரும்பாலும் ஒரு வாரத்தில் தானே தணியும். ஆன்டிபயாடிக் மாத்திரைகள் பாக்டீரியா என்னும் வேறு வகைக் கிருமியைக் கொல்பவையேயன்றி, வைரஸை ஒன்றும் செய்யமாட்டா. கடைக்காரர் எடுத்துக் கொடுக்கும் நாலு வண்ண மாத்திரைகளுக்குக் கொடுக்கும் பணம் வீண். வெந்நீர், கஞ்சி, ஓய்வு, சுக்குக் காப்பி இவையே போதும். தொண்டைக்கு இதமாகத் தேன் கொடுக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் ஆகாது.

சிறு குழந்தைக்கு இருமல் மருந்தைத் தாமாக வாங்கி ஊற்றுவது ஆபத்து. 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா வட்டாரத்தில் இருமல் மருந்து அருந்திய குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். அம்மருந்தில் டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் நஞ்சு கலந்திருந்தது. அது நமது மாநிலத்தின் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது என்பதை நினைத்தால் நெஞ்சு பதைக்கிறது.

குழந்தையின் இருமல் எப்போது பயப்படத்தக்கது? கடிகாரம் ஒன்று இருந்தால் எந்தத் தாயும் இதைக் கண்டுகொள்ளலாம். குழந்தை அழாமல் இருக்கும்போது மார்பும் வயிறும் ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிஷம் எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவானால் 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 என்ற எண்ணிக்கையைத் தொட்டாலோ மிஞ்சினாலோ அது நிமோனியாவாக இருக்கலாம். மூச்சு இழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உட்குழிந்தாலும், பால் குடிக்க மறுத்தாலும் அப்படியே. அப்போது பொழுது விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.

நிற்க. இப்பருவத்தில் விவசாய அங்கத்தினர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது ஸ்கிரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல். புதர், வரப்புப் புல், தோட்டத்துச் சருகு ஆகியவற்றில் வாழும், கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒருவகை உண்ணியின் குஞ்சு கடிப்பதால் இது வருகிறது. இரண்டாம் உலகப் போரில் பர்மாப் போர்முனையில் குண்டுக்குத் தப்பிய சிப்பாய்கள் பலர் இதற்கு இரையாயினர். தமிழ்நாட்டில் மழைக்குப் பிந்திய குளிர் மாதங்களில் இது மிகுதி. கடிபட்ட இரண்டொரு வாரத்தில் கடுங்காய்ச்சல், தலைவலி, உடல்வலி காணும். பலருக்குக் கடித்த இடத்தில் பீடி நெருப்பால் சுட்டதுபோன்ற கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். அக்குள், தொடையிடுக்கு, மார்பின் அடிப்பகுதி போன்ற மறைவிடங்களில் அது இருப்பதாலும், வலிக்காததாலும், நோயாளியே அறிவதில்லை. பெண்கள் அறிந்தாலும் கூசிச் சொல்லாமல் விடுகின்றனர். டாக்டரிடம் அதைக் காட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. டாக்ஸிசைக்கிளின் என்னும் மலிவான மருந்து இதனை விரைவில் அடக்கும். கடைகளில் வழக்கமாகத் தரப்படும் பென்சிலின் இன மாத்திரைகள் இதன்முன் பயனற்றவை. அவற்றை விழுங்கி ஒரு வாரம் கழித்தவருக்கு நுரையீரல், சிறுநீரகம், மூளை என ஒவ்வொன்றாகத் தாக்குண்டு, உயிருக்கே மோசம் வரக்கூடும். புல்தரையில் வெற்றுடம்போடு படுப்பதையும், கழற்றிய சட்டையைப் புதர்மேல் போடுவதையும் தவிர்ப்பது நலம்.

மழைநீர் தேங்கிய தொட்டியிலும் தேங்காய் மட்டையிலும் பிறக்கும் கொசுவால் வரும் டெங்கு வேறு. அதில் காய்ச்சல் தணியும் நாளே அபாயமான நாள். காய்ச்சல் விட்டதென்று மகிழ்ந்திருக்கையில் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரி. பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலிநிவாரணிகள் கூடாது. ரத்தக் கசிவை அவை அதிகமாக்கும்.

நெசவாள அங்கத்தினர்க்கு ஒரு சொல். தறிக்காரர் இருமினால் ‘பஞ்சுத் தூசி’ என்று வீட்டார் ஒதுக்கிவிடுகிறார்கள். தூசியாலும் இருமல் வரும், மெய்தான். ஆயினும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குச் சளிப் பரிசோதனை அவசியம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அது இலவசம். காசநோய் எனத் தெரிந்தால் மருந்தும் இலவசம். 2018இல் மாதம் 500 ரூபாயாகத் தொடங்கிய மத்திய சர்க்காரின் சத்துணவு உதவித்தொகை, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஒரே அறையில் தறியும் சமையலும் உறக்கமும் நடக்கும் வீட்டில், ஒருவர் மறைத்து வைத்த இருமல் குழந்தைகள்வரை பரவும்.

வயது முதிர்ந்தோருக்குக் குளிர்ந்த அதிகாலையில் நெஞ்சு இறுகி வலித்து வியர்த்தால், வாயு என்று சோடா குடிப்பித்துக் காலங்கடத்துதல் தகாது. ‘இதயம் காப்போம்’ திட்டம் 2023இல் தொடங்கியதிலிருந்து, இதற்கான முதல் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருப்பு வைக்கப்பட்டன. 108க்கும் உடனே அழைக்க வேண்டும்.

எங்கே செல்வது என்ற கேள்விக்கு நம் கருத்து இதுவே: காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம், அங்கு இயலாததற்குக் கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம், ஆண்டிபட்டி அரசு மருத்துவமனைகள், கடுமையானவற்றுக்குக் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி. கூடலூரிலிருந்து க.விலக்குக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் இருப்பதால், மூச்சுத் திணறலுள்ளவரை வாடகைக் காரில் நேரே கொண்டுசெல்லாமல் ஆம்புலன்சில் அனுப்புவதே பாதுகாப்பு. வழியில் பிராணவாயு கிடைக்கும்.

மருந்துச் செலவைக் குறைக்க, 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களில் பலவற்றை நம்மைப்போன்ற கூட்டுறவுச் சங்கங்களே ஏற்று நடத்தின. வணிகப் பெயர் இல்லாத, ஆனால் அதே மருந்து அங்கே குறைந்த விலைக்கு வைக்கப்பட்டது. டாக்டரிடம் சீட்டு வாங்கும்போதே மருந்தின் மூலப் பெயரை எழுதச் சொல்லிக் கேட்கலாம். அது அங்கத்தினரின் உரிமை. பெரிய சிகிச்சைக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று இப்போதே பெட்டியைத் திறந்து பார்த்துவிட வேண்டும். இல்லாதவர்கள், நோய் வரும்வரை காத்திராமல், குடும்ப அட்டையும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு தேனி கலெக்டர் அலுவலகத்திலுள்ள பதிவு மையத்தில் விசாரிப்பார்களாக. வருமானச் சான்று பெறுவதற்குச் சில நாள் பிடிக்குமாதலால் அதற்கான மனுவை இந்த வாரமே கொடுத்துவிடுவது நல்லது.