அண்ணத்தை அகலமாக்கும் திருகாணி

உங்கள் நாக்கு நுனியால் மேலண்ணத்தின் நடுவே வருடிப் பாருங்கள். முன்னிருந்து பின்னாக ஒரு மெல்லிய வரம்பு தட்டுப்படுகிறதல்லவா? அதற்கு மேலேதான் வலப்புற, இடப்புற அண்ண எலும்புகள் சந்திக்கின்றன. சிறு வயதில் இந்தப் பொருத்து இறுகியிருப்பதில்லை. வளர வளர, கோத்த கைவிரல்களைப் போல அதன் இரு விளிம்புகளும் பின்னிக்கொள்கின்றன.

சிலருக்கு மேல்தாடை குறுகலாக அமைந்துவிடும். வாயை மூடினால் மேல் கடைவாய்ப் பற்கள் கீழ்ப் பற்களுக்கு உட்புறம் விழும். இதைச் சீராக்கும் கருவியின் நடுவில் ஒரு சிறு திருகாணி இருக்கும். சாவியால் கால் சுற்றுத் திருப்பினால் கருவி ஏறக்குறைய கால் மில்லிமீட்டர் அகலும்.

கழற்றி மாட்டும் வகை, கம்பிக் கொக்கிகள் வைத்த பிளாஸ்டிக் தகடு. வாரத்துக்கு ஓரிரு முறை திருகினால் போதும். ஈர மண்ணில் நட்ட வேலிக்காலின் தலையைத் தள்ளினால் கால் சாயுமல்லவா? இந்தத் தகடும் பெரும்பாலும் பற்களை வெளிப்புறம் சாய்க்கத்தான் செய்கிறது. கழற்றிப் பல் துலக்கலாம் என்பது வசதி. ஆனால் சட்டைப் பையில் கிடக்கும் தகடு எந்தப் பல்லைத் தள்ளும்?

மற்றொன்று கடைவாய்ப் பற்களில் ஒட்டிவிடும் நிலையான கருவி. இதில் நாள்தோறும் ஓரிரு முறை திருகுவதுண்டு. பற்கள் சாய நேரமில்லாமல் பொருத்தே விலகுகிறது. முன்பற்களின் நடுவே திடீரென்று சந்து விழும்; பயப்பட வேண்டாம், பின்னால் அது தானே குறையும். பாளையம்பட்டிப் பிள்ளைகள் கோடையில் கரிசல் வெடித்துக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை வந்தால் மண் ஊதி வெடிப்பு மூடும். இங்கோ புது எலும்பு வளர்ந்து நிரப்ப வேண்டும். அதுவரை, சில மாதங்கள், கருவியை எடுக்க மாட்டார்கள்.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் ஏஞ்சல் என்ற மருத்துவர் 1860-இல் ஒரு சிறுமிக்கு இரண்டே வாரத்தில் இதைச் செய்ததாக எழுதினார். பலர் நம்பவில்லை. நிரூபித்துக் காட்ட எக்ஸ் கதிர் வேண்டுமே. அது 1895-இல்தான் கிடைத்தது! ஹாஸ் என்பவரின் 1961-ஆம் ஆண்டுக் கட்டுரைக்குப் பிறகே இம்முறை பரவியது.

ஒப்பிட்டு நடந்த ஆய்வுகளில் ஒட்டிய கருவிகளுக்கே வெற்றி அதிகம். குறுகல் சிறிதாக இருந்து, பிள்ளையும் ஒழுங்காக மாட்டிக்கொண்டால் தகடும் பயன் தரும். எதுவானாலும் பத்து வயதில் எளிது. பதினாறுக்கு மேல் பொருத்து இறுகிவிட்டால் அறுவை சிகிச்சைகூடத் தேவைப்படலாம்.

ஒட்டிய கருவிக்குக் கமர்கட்டு ஆகாது. அது ஆடத் தொடங்கினால் சாவியைத் தொடாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.