காவல் பெட்டிக்குள் போன இரண்டு புள்ளிகள்

2019-ஆம் ஆண்டின் கடைசி நாளில் டிராவலெக்ஸ் நிறுவனத்தின் கணினிகளில், கோப்புகளை முடக்கிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் புகுந்தது. வெளிநாட்டுப் பணம் மாற்றித் தருவதுதான் அந்த நிறுவனத்தின் தொழில். தொற்று பரவாமலிருக்கத் தன் இணையதளங்களைத் தானே இழுத்து மூடியது. கவுன்ட்டர்களில் இருந்த ஊழியர்கள் பேனாவும் காகிதமும் எடுத்துக் கணக்கெழுதினார்கள். பார்க்லேஸ், லாயிட்ஸ் போன்ற வங்கிகளுக்கு டிராவலெக்ஸ்தான் வெளிநாட்டு நோட்டுகளை வழங்கிவந்தது. அங்கும் அந்தச் சேவை நின்றது. ரீவில் என்ற கும்பல் 60 லட்சம் டாலர் கேட்டதாகச் செய்தி வந்தது. 23 லட்சம் டாலர் கைமாறியதாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் பிறகு எழுதியது.

இதற்கு மூன்றரை மாதம் முன்பே ஓர் எச்சரிக்கை வந்திருந்தது. டிராவலெக்ஸின் ஏழு பல்ஸ் செக்யூர் விபிஎன் சர்வர்கள் சரிசெய்யப்படாமல் திறந்து கிடப்பதாக, இணையத்தை வருடிப் பார்க்கும் பேட் பேக்கெட்ஸ் என்ற அமைப்பு செப்டம்பரிலேயே தகவல் அனுப்பியது. நவம்பரில்தான் அவை சரிசெய்யப்பட்டன. அந்த இடைவெளியில்தான் ஆட்கள் உள்ளே போயிருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு வல்லுநர்கள் பலரின் கணிப்பு.

விபிஎன் பெட்டி என்பது அலுவலக வலையமைப்பின் வாசற்காவலாளி. வீட்டிலிருந்தோ வெளியூரிலிருந்தோ வேலை செய்பவர்கள் அதனிடம் பெயரும் பாஸ்வேர்டும் சொல்லிவிட்டு உள்ளே போகிறார்கள். வாசலில் நிற்பதால் உலகம் முழுவதும் அதன் கண்ணுக்கு முன்னால் வந்து போகும். அதுவும் உலகத்தின் கண்ணில் படும். அந்தக் காவலாளியை ஏமாற்ற ‘../’ என்ற மூன்று குறிகள் போதுமானதாக இருந்தன.

கணினியில் கோப்புகள் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கப்பட்டிருக்கின்றன. ‘../’ என்றால் இந்த ஃபோல்டரைவிட்டு வெளியே வந்து ஒரு படி மேலே போ என்று பொருள். அதில் தவறொன்றும் இல்லை. நிரலாளர்கள் தினமும் பயன்படுத்துவதுதான். ஒரு நூலகத்தை நினைத்துக்கொள்ளலாம். வெளியாருக்கு மூன்றாம் அலமாரிப் புத்தகங்களை மட்டும் எடுத்துத் தரலாம் என்பது விதி. ஒருவர் சீட்டில் இப்படி எழுதிக் கொடுக்கிறார்: “மூன்றாம் அலமாரி, அங்கிருந்து வெளியே வந்து, மாடிப்படி ஏறி, நூலகர் மேசையில் இருக்கும் சாவிக்கொத்து.” புத்தகம் எடுத்துத் தரும் பையன் முதல் இரண்டு சொற்களைப் படிக்கிறான், தலையாட்டுகிறான், போய்ச் சாவிக்கொத்தோடு வருகிறான். பாத் டிராவர்சல் என்று இத்துறையில் சொல்வது இதைத்தான்.

பல்ஸ் செக்யூர் ஓட்டையைக் கண்டுபிடித்தவர்கள் தைவானின் டெவ்கோர் நிறுவனத்தைச் சேர்ந்த ஆரஞ்ச் சாய், மெ சாங் என்ற இரு ஆய்வாளர்கள். அந்தப் பெட்டியில் முன்பு, கேட்கப்படும் கோப்பின் வழியைச் சரிபார்க்கும் சோதனை கறாராகத்தான் இருந்தது. பிரவுசர் வழியாகவே தொலைவிலுள்ள கணினியைத் திறந்து காட்டும் புது வசதி ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்கான படங்களும் எழுத்துருக்களும் தடையில்லாமல் வர வேண்டுமென்று சோதனையில் ஒரு விலக்கு வைத்தார்கள். அந்த விலக்கின் வழியாக, பாஸ்வேர்டே சொல்லாத ஒருவர் பெட்டியின் எந்தக் கோப்பையும் கேட்டு வாங்கிப் படிக்கலாம் என்றாயிற்று. உள்ளே நுழைந்தவர்களின் பாஸ்வேர்டுகள் அப்பட்டமாகச் சேமித்துவைக்கப்பட்டிருந்த கோப்பும் அவற்றில் ஒன்று.

2019 மார்ச்சில் இருவரும் பல்ஸ் செக்யூர் நிறுவனத்துக்குச் சொன்னார்கள். ஏப்ரலில் திருத்தம் வந்தது. வந்ததை யார் போட்டுக்கொள்கிறார்கள் என்று பார்த்தபடி இருந்தார்கள். ஒரு மாதம் கழிந்தும் ட்விட்டர் நிறுவனம் அதைப் போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டை கண்டுபிடிப்பவர்களுக்கு ட்விட்டர் வைத்திருந்த பரிசுத் திட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டு உள்ளே போய்க் காட்டினார்கள். 20,160 டாலர் பரிசு கிடைத்தது. ஆகஸ்டில் இருவரும் லாஸ் வேகஸின் பிளாக் ஹேட் மாநாட்டில் எல்லாவற்றையும் விளக்கினார்கள். அம்மாதக் கடைசியில் பேட் பேக்கெட்ஸ் கணக்கெடுத்தபோதும் 14,500-க்கு மேற்பட்ட சர்வர்கள் திறந்தே கிடந்தன.

அதே இருவர் ஃபோர்ட்டிநெட் நிறுவனத்தின் விபிஎன் பெட்டியில் கண்டது இன்னும் சுவையானது. அதன் நுழைவுப் பக்கம் எந்த மொழியில் வேண்டும் என்று கேட்கும்; சொன்ன மொழியின் பெயரோடு ‘.ஜேசன்’ என்ற வாலை ஒட்டி அந்தக் கோப்பைத் திறக்கும். வால் இருப்பதால் மொழிக் கோப்பைத் தவிர வேறெதையும் கேட்க முடியாது என்ற நம்பிக்கை. ஆனால் பாதையை எழுத ஒதுக்கிய இடமோ வெறும் 64 எழுத்துக்கானது. வங்கிப் படிவத்தில் கட்டங்கள் தீர்ந்துபோய்ப் பெயரின் பின்பாதி வெட்டுப்படுவது நமக்குத் தெரிந்ததுதானே! இங்கும் அதேதான். ‘../’ போட்டு மேலேறி, நடுவில் சாய்கோடுகளை வரிசையாக அடுக்கி நீளத்தைக் கூட்டினால், ‘.ஜேசன்’ விழ இடமில்லாமல் போய்விடும். மிச்சமிருப்பது தாக்குபவர் கேட்ட கோப்பு. அதிலும் பயனர் பெயர்களும் பாஸ்வேர்டுகளும் மறைப்பின்றி இருந்தன.

இதெல்லாம் பழைய கதை என்று சொல்லிவிட முடியாது. 2024 மே மாதம் செக் பாயின்ட் நிறுவனத்தின் பெட்டிகளில் இதே குடும்பத்துப் பிழை வெளிப்பட்டது. கேட்கப்படும் வழியில் அனுமதிப் பட்டியலின் பெயர் எங்காவது இருந்தால் போதுமென்று அங்கே சோதனை எழுதியிருந்தார்கள். பட்டியலில் ஒரு ஃபோல்டரின் பெயரும் இருந்தது. அதைச் சொல்லிவிட்டு அதற்குப் பின்னால் எத்தனை ‘../’ வேண்டுமானாலும் அடுக்கலாம். அந்த மாதத் தொடக்கத்தில்தான் அமெரிக்க சைபர் பாதுகாப்பு முகமையான சிசா இவ்வகைப் பிழைகளை ஒழிக்கச் சொல்லி மென்பொருள் நிறுவனங்களுக்கு அறிக்கை விட்டிருந்தது. குற்றவாளிகள் உண்மையிலேயே பயன்படுத்திய ஓட்டைகள் என்று அது வைத்திருக்கும் பட்டியலில் அப்போது இந்த வகை மட்டும் 55. இவற்றை ‘மன்னிக்க முடியாத’ பிழைகள் என்று துறையினர் 2007-லிருந்தே சொல்லிவருவதாகவும் அது நினைவூட்டியது. பூட்டு விற்பவர்களே இப்படிப் பூட்டு செய்தால் வேறென்ன சொல்வது?

திருத்தம் வரும்வரை பெட்டியை அணைத்துவைப்பதும் எளிதல்ல. சிட்ரிக்ஸ் நிறுவனம் தன் பெட்டியில் இத்தகைய பிழை இருப்பதாக 2019 டிசம்பர் 17-இல் அறிவித்தது. முதல் திருத்தம் ஜனவரி 19-இல்தான் வந்தது. இடைக்காலத்துக்குக் கொடுத்த கைவைத்தியத்தை நம்ப முடியாதென்று நெதர்லாந்தின் இணையப் பாதுகாப்பு மையம் பெட்டிகளை அணைத்துவிடும்படி ஆலோசனை சொன்னது. வீட்டிலிருந்து வேலை செய்தவர்கள் அலுவலகத்துக்குக் காரை எடுக்க வேண்டியதாயிற்று. சாலைகளில் ‘சிட்ரிக்ஸ் நெரிசல்’ வருமென்று அந்நாட்டில் பேச்சாயிற்று. டச்சு மொழியில் நெரிசலைக் குறிக்கும் சொல்லும் ஆங்கிலத்தில் கோப்பைக் குறிக்கும் சொல்லும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே.

அந்த நாட்களில் ஃபயர்ஐ என்ற பாதுகாப்பு நிறுவனம் ஒரு வினோதத் திருடனையும் கவனித்தது. அவன் சிட்ரிக்ஸ் பெட்டிக்குள் புகுந்து, முன்பே வந்திருந்த மற்றவர்களின் நச்சு நிரல்களைத் துடைத்தெடுத்து, ஓட்டை வழியாகப் புதிதாக யாரும் வராமல் அடைத்தும் வைத்தான். தனக்கு மட்டும் ஒரு ரகசியக் கதவு விட்டுக்கொண்டான்.

திருத்தம் போட்டபின் தொடங்கும் சிக்கல் இதுதான். ஓட்டை அடைபடும், அதற்கு முன் உள்ளே வந்தவர் வெளியேற மாட்டார், எடுத்துப்போன பாஸ்வேர்டு செல்லாததாகிவிடாது. ஜெர்மனியின் டுஸல்டோர்ஃப் பல்கலைக்கழக மருத்துவமனை சிட்ரிக்ஸ் திருத்தத்தை உடனே போட்டுவிட்டதாகச் சொன்னது. ஆனாலும் 2020 செப்டம்பரில் அதன் 30 சர்வர்கள் முடங்கின. சிட்ரிக்ஸ் ஓட்டை வழியாகத் திருத்தத்துக்கு முன்பே புகுந்தவர்கள் பிறகும் உள்ளே இருந்திருக்கலாம் என்று ஜெர்மன் அரசின் பாதுகாப்பு அலுவலகம் எச்சரித்தது. அவசரச் சிகிச்சை தேவைப்பட்ட ஒரு மூதாட்டி அங்கே சேர்க்கப்படாமல் வூப்பர்டால் நகருக்குத் திருப்பி அனுப்பப்பட்டு இறந்தார். தாக்குதலையும் மரணத்தையும் சட்டப்படி இணைக்க முடியவில்லை என்று அரசு வழக்கறிஞர்கள் பின்னர் முடிவுசெய்தார்கள்.

பல்ஸ் செக்யூர் விஷயத்தில் சிசா இதையே 2020 ஏப்ரலில் எச்சரித்தது: திருத்தம் போட்ட நிறுவனங்களுக்குள்ளும் பழைய பாஸ்வேர்டுகளோடு ஆட்கள் வந்துபோகிறார்கள் என்று. ஃபோர்ட்டிநெட்டின் திருத்தம் 2019 மேயில் வந்தது. 2021 செப்டம்பரில் ஏறக்குறைய 87,000 பெட்டிகளின் நுழைவு விவரங்கள் இணையத்தில் கொட்டப்பட்டன. அவை அந்தப் பழைய ஓட்டை வழியாக எடுக்கப்பட்டவை என்று நிறுவனம் ஒப்புக்கொண்டது. பெட்டியைப் பின்னர் சரிசெய்திருந்தாலும் பாஸ்வேர்டை மாற்றாதவர்கள் இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறார்கள் என்றும் அதே அறிவிப்பில் எழுதியிருந்தது.