சிறிய என்ஜின், பெரும் வேகம்: ஃபார்முலா 4 பந்தயக் காரின் டர்போ பின்னணி

புது தில்லி: சென்னை தீவுத்திடலைச் சுற்றியுள்ள 3.5 கி.மீ. சாலைத் தடத்தில் 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய தேதிகளில் ஃபார்முலா 4 கார்கள் இரவில் சீறிப் பாய்ந்தன. 2023 டிசம்பரில் நடைபெறவிருந்த இப்போட்டி, மிக்ஜாம் புயலால் ஒத்திவைக்கப்பட்டிருந்தது.

இக்கார்களின் என்ஜின் கொள்ளளவு 1.3 லிட்டர் மட்டுமே. சாதாரணக் குடும்பக் கார்களிலும் ஏறத்தாழ இதே அளவிலான என்ஜின்களே உள்ளன. ஆயினும் இது சுமார் 180 குதிரைத்திறனை வெளிப்படுத்துகிறது. இதற்குக் காரணம் டர்போசார்ஜர்.

செயல்படும் விதம்

என்ஜினிலிருந்து வெளியேறும் புகை, சிறிய சுழலியைச் சுழற்றுகிறது. அதே அச்சில் பொருத்தப்பட்ட மற்றொரு சக்கரம், வெளிக்காற்றை அழுத்தி என்ஜினுக்குள் செலுத்துகிறது. காற்று மிகும்போது கூடுதல் எரிபொருள் எரிந்து, ஆற்றல் பெருகுகிறது. கார்பன் இழையாலான உடற்கூடு எடையைக் குறைப்பதால், அந்த ஆற்றல் வேகமாக மாறுகிறது.

எள்ளி நகையாடப்பட்ட தொடக்கம்

ஃபார்முலா 1 போட்டியில் டர்போ என்ஜினை முதலில் களமிறக்கியது பிரான்ஸின் ரெனோ நிறுவனம். 1977 ஜூலையில் பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் தடத்தில் அதன் 1.5 லிட்டர் கார், 3 லிட்டர் என்ஜின் கொண்ட கார்களை எதிர்கொண்டது. அடிக்கடி பழுதாகிப் புகை கக்கியதால் 'மஞ்சள் தேநீர்க் கெண்டி' என்று கேலி செய்யப்பட்டது. ஆனால் 1979-இல் பிரெஞ்சு கிராண்ட் பிரீயில் ஜான்-பியர் ஜாபுய் ரெனோவுக்கு வெற்றி தேடித் தந்தார். பின்னர் பிற அணிகளும் டர்போவுக்கு மாறின. 1988-இல் மெக்லாரன்-ஹோண்டா 16 பந்தயங்களில் 15-ஐ வென்றது. அந்த ஆண்டுடன் தடை செய்யப்பட்ட டர்போ, 2014-இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது.

இந்தியாவில்

சர்வதேச வாகனக் கூட்டமைப்பின் ஃபார்முலா 4 பிரிவு 2014-இல் இத்தாலியில் தொடங்கியது. இந்தியத் தொடரின் முதல் பருவம் 2023-இல் நடைபெற்றது. இதில் பயன்படும் காரை பிரான்ஸின் மைகேல் நிறுவனம் வடிவமைத்தது. என்ஜினை ரெனோ குழுமத்தின் ஆல்பைன் வழங்குகிறது. அனைவருக்கும் ஒரே வகைக் கார் என்பதால், ஓட்டுநரின் திறமைக்கே முக்கியத்துவம் கிடைக்கிறது.

கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005-இலும், சென்னையின் கருண் சந்தோக் 2010-இலும் ஃபார்முலா 1-ஐ எட்டினர். இன்று அந்நிலையை அடைய, மூன்று ஆண்டுகளில் 40 உரிமப் புள்ளிகள் தேவை. ஃபார்முலா 4 பட்டம் அதிகபட்சம் 12 புள்ளிகளைத் தரும்.

முன்பு இதற்காக வெளிநாடு செல்ல வேண்டியிருந்த இந்திய இளைஞர்களுக்கு, முதல் படி இப்போது உள்நாட்டிலேயே அமைந்துள்ளது. எனினும், முதல் இரு பருவங்களின் பட்டங்களை ஆஸ்திரேலியாவின் கூப்பர் வெப்ஸ்டரும், தென்னாப்பிரிக்காவின் அகில் அலிபாயும் வென்றனர். களம் தயாராகிவிட்டது; அதில் முந்துவதே இந்திய வீரர்களின் முன்னுள்ள சவால்.