ஈன்றவளும் வளர்த்தவளும்: தமிழில் கர்ணன் கதை

பாரதக் கதையைத் தமிழ் மக்களுள் படித்தறிந்தோர் சிலர். கேட்டும் கண்டும் அறிந்தோரே பலர். நாமகிரிப்பேட்டையை உள்ளிட்ட நம் சேலம், நாமக்கல் சமவெளியில் இரவு முழுதும் ஆடப்பெறும் கூத்துகளுள் ‘கர்ண மோட்சம்’ பெரிதும் விரும்பப்படுவது. 1964ஆம் ஆண்டில் பி. ஆர். பந்துலு இயக்கிய ‘கர்ணன்’ திரைப்படமும் அக்கதையை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. இவ்விரண்டிலும் கண்ணீர் பெருகச் செய்யும் இடம் ஒன்றுதான்: ஈன்ற மகனைத் தன் மகன் என்று உரைக்க இயலாமல் குந்தி தவிக்கும் இடம். இத்தவிப்பு வடமொழி மூலத்தில் எவ்வாறு அமைந்தது, தமிழுக்கு வந்தபோது எவ்வாறு மாறியது என்பதைச் சிறிது ஆராய்வோம்.

குந்தியின் இயற்பெயர் பிருதை. அவள் சூரன் என்னும் யாதவ மன்னனின் மகள். மக்கட்பேறு இல்லாத குந்திபோசனுக்குத் தந்தையே அவளைக் கொடுத்துவிட்டான். பொருளைப் பிறர்க்கு வழங்குவது போலத் தன்னைத் தந்தை கொடுத்துவிட்டதாக அவள் பின்னாளில் கண்ணனிடம் நொந்து கூறுவதை வியாசர் உத்தியோக பருவத்தில் அமைத்துள்ளார். தன் மகனை ஆற்றில் விட்டவள், தானும் ஈன்றவரைப் பிரிந்து வளர்ந்தவளே. கூத்தும் திரைப்படமும் இச்செய்தியைப் பெரிதாகக் கொள்வதில்லை. அதனால் அவள் மனத்தின் ஒரு பாதி நமக்குத் தெரியாமற் போகிறது.

மெழுகு பூசிய பேழையில் இடப்பட்ட குழந்தை அசுவ நதி, சர்மண்வதி, யமுனை, கங்கை என ஆறு மாறி ஆறு கடந்து சம்பா நகரை அடைகின்றது. தேரோட்டி அதிரதனும் அவன் மனைவி இராதையும் அதனை எடுத்து வளர்க்கின்றனர். போருக்கு முன் கண்ணன் கர்ணனிடம் பிறப்பின் உண்மையை உரைத்து, பாண்டவர் பக்கம் வருமாறு அழைக்கின்றான். அப்போது கர்ணன் தரும் விடை, மூலநூலின் மிக நுட்பமான பகுதிகளுள் ஒன்று என்பது என் கருத்து. தன்னைக் கையில் ஏந்திய அக்கணமே அன்பின் மிகுதியால் இராதையின் மார்பில் பால் சுரந்தது என்கின்றான். தன் மலமூத்திரத்தை வாரி எடுத்தவள் அவள் என்கின்றான். அவளுக்குரிய கடனை எவ்வாறு மறுப்பேன் என்று வினவுகின்றான். பின்னர்க் கங்கைக் கரையில் குந்தி வந்து நிற்கும்போதும், இராதையின் மகன் வணங்குகின்றேன் என்றே தன்னை அறிவிக்கின்றான். அருச்சுனன் ஒழிந்த நால்வரைக் கொல்வதில்லை என்றும், எப்படியும் அவளுக்கு ஐந்து மக்கள் எஞ்சுவர் என்றும் வாக்களித்து அனுப்புகின்றான். வியாசரிடம் பால் இராதைக்கு உரியது.

சற்றேறக்குறைய அறுநூறு ஆண்டுகளுக்கு முன் பாரதத்தைத் தமிழில் பாடிய வில்லிபுத்தூரார் இவ்விடத்தைப் பெரிதும் மாற்றினார். இங்கே குந்தி, கண்ணன் வகுத்த சூழ்ச்சியின்படி வருகின்றாள். தாய் என்று சொல்லிக்கொண்டு முன்னர் வந்த பெண்கள், தேவர் தந்த ஆடையைப் போர்த்ததும் எரிந்து போயினர் என்கின்றான் கர்ணன். குந்தி அதனை அணிகின்றாள். ஆடை அவளைச் சுடவில்லை. அவள் மார்பில் பால் சுரக்கின்றது. அவள் இரு வரங்கள் பெறுகின்றாள்: நாகக்கணையை அருச்சுனன்மேல் ஒருமுறைக்கு மேல் விடலாகாது, ஏனைய நால்வரைக் கொல்லலாகாது. கர்ணனும் ஒன்று கேட்கின்றான்: களத்தில் தான் மடியும்போது அவள் வந்து பாலூட்டி, மகனே என்று உலகறியக் கூறி அழ வேண்டும். அவ்வாறே அவள் வருகின்றாள். மூலத்திலோ போர் முடிந்து நீர்க்கடன் செய்யும் வேளையில்தான் குந்தி தருமனிடம் உண்மையை உரைக்கின்றாள்; அவன் சினந்து, பெண்கள் மனத்தில் இனி மறைபொருள் தங்காது ஒழிக எனச் சபிக்கின்றான்.

வில்லியார் செய்த மாற்றத்தைத் தமிழ்நாடு முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டது. ஏன்? கூத்தில் பொன்னுருவி தன் கணவனைத் தேரோட்டி மகன் என்று இகழும் காட்சியைக் கண்டவர்க்கு விடை தெரியும். குலம் கேட்டு மனிதனை அளக்கும் ஊரில், தாய் வாய் திறந்து ‘இவன் என் மகன்’ என்பது வெறும் பாசச் சொல்லன்று. அவன் இழந்த மதிப்பை மீட்டுத் தரும் சான்றாகும். களரியைச் சுற்றி அமர்ந்திருப்போர் அச்சொல்லுக்காகவே விடியும்வரை காத்திருக்கின்றனர்.

ஆயினும் இம்மாற்றத்துக்கு ஒரு விலை உண்டு. பால் குந்திக்குச் சென்றதும், இராதைக்கு எஞ்சியது ஒன்றுமில்லை. களத்தில் அழும் உரிமையும் ஈன்றவளுக்கே போய்விட்டது. தமிழ் மரபு இரு தாயரையும் ஒருங்கே போற்ற அறியாததன்று. பெரியாழ்வார் யசோதையாகித் தாலாட்டுகின்றார். குலசேகராழ்வாரோ பெருமாள் திருமொழியில், மகனின் மழலைப் பருவத்தை இழந்த தேவகிக்காக ஒரு திருமொழி முழுவதும் புலம்புகின்றார். நம் துறையில் வில்லிபாரதத்தை அடுத்துப் பயிலும் சீறாப்புராணத்திலும் உமறுப்புலவர் ‘அலிமா முலையூட்டுப் படலம்’ எனச் செவிலித் தாய்க்கெனத் தனிப் படலமே வகுத்துள்ளார். பாலூட்டியவளும் தாயே என்பது இசுலாமிய நெறியில் சட்டமாகவே நிற்கின்றது. ஒருத்தியிடம் பாலுண்ட பிள்ளைகள் உடன்பிறந்தோர் ஆவர், அவர்களிடையே மணம் கூடாது. அரச குலத்துத் தேவகிக்கும் ஆயர்குல யசோதைக்கும் கிடைத்த இடம் தேரோட்டியின் மனைவிக்கு மட்டும் கிட்டவில்லை.

காப்பியம் கண்டுகொள்ளாத தாயர் இன்னும் உளர். அரக்கு மாளிகையில் பாண்டவர்க்கு மாற்றாக எரிந்து மாண்ட வேடுவப் பெண்ணையும் அவளுடைய ஐந்து மக்களையும் ஆதிபருவம் சில வரிகளில் கடந்துவிடும். வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி ஒரு சிறுகதையில், முதுமையில் காட்டில் வாழும் குந்தியின் முன் அவ்வேடுவர் குலத்துப் பெண் ஒருத்தியைக் கொணர்ந்து நிறுத்திக் கணக்குக் கேட்க வைத்தார். யயாதியின் மகள் மாதவியோ குதிரைகளுக்கு ஈடாக நால்வரிடம் மாறி மாறி ஒப்படைக்கப்பட்டு, நான்கு மக்களை ஈன்று, நால்வரையும் விட்டு வந்தவள். அவளை எம். வி. வெங்கட்ராம் ‘நித்யகன்னி’ நாவலில் பேச வைத்தார்.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்க நம் வட்டாரத்தாருக்கு இயலாது. பெண் சிசுக்கொலையைத் தடுக்கத் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை 1992இல் தொடங்கியது சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் தனி மாவட்டமானது 1997இல். ஆகவே அன்று நாமகிரிப்பேட்டையும் சேலம் மாவட்டத்து ஊரே. வளர்க்க இயலாதவர் குழந்தையைக் கொன்றுவிடாது தொட்டிலில் இட்டுச் செல்லலாம்; அக்குழந்தையை அரசு காத்துத் தத்துக் கொடுக்கும். பேழைக்கும் தொட்டிலுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. கர்ணன் ஆண்மகவு, குந்தி அஞ்சியது பழிக்கு. இங்கே தொட்டிலுக்கு வந்தவை பெரும்பாலும் பெண்மகவு. தாயர் அஞ்சியது வறுமைக்கும் வரதட்சணைக்கும் சுற்றத்தின் ஏச்சுக்கும். அத்தாயரைக் குந்தியாக எண்ணி இரங்கும் நாம், அப்பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர்களை யாராக எண்ணுகின்றோம்? வளர்ப்பு மகளுக்கு மணம் பேசும்போது ‘யார் வயிற்றுப் பிள்ளை’ என்ற கேள்வி எல்லாச் சமயத்தார் வீட்டிலும் எழத்தான் செய்கிறது. பொன்னுருவி கேட்டதும் இதுவே.

கூத்துப் பாடல்கள் ஆசிரியர்க்கு ஆசிரியர் வேறுபடுவன. அச்சேறாத ஏடுகளும் நோட்டுப் புத்தகங்களும் வாத்தியார் வீடுகளில் கிடக்கின்றன. எம்.ஃபில். படிப்பே இப்போது நிறுத்தப்பட்டுவிட்ட நிலையில், முதுகலை மாணவர் திட்டக் கட்டுரைக்காகவேனும் அவற்றைத் தேடலாம். அடுத்த கோடையில் அருகில் எங்கேனும் கர்ண மோட்சம் ஆடும்போது ஒன்றைக் குறித்து வருக: இராதை வேடம் உண்டா? உண்டெனில், அவளுக்கு எத்தனை பாட்டு?