திடீர் மூச்சுத்திணறலும் விரைவான குருதிப் பரிசோதனைகளும்

மூச்சுத்திணறல் ஒரு நோயன்று. அது ஒரு நோய் அறிகுறியாகும். இவ்வேறுபாட்டை மாணவர்கள் முதலில் மனதிற் பதித்துக்கொள்ள வேண்டும். ஒருவருக்குத் திடீரென மூச்சு வாங்கினால் சுவாசப்பை, இதயம், குருதி ஆகியவற்றுள் எதிலேனும் கோளாறு இருக்கலாம்.

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் உள்ளது. குளிரும் மூடுபனியும் நிறைந்த தோட்டப் பகுதிகளில் யாருக்காவது மூச்சு முட்டினால், “பனி பட்டுவிட்டது, இழுப்பு வந்திருக்கிறது” என்று கூறி லயத்திலேயே ஆவி பிடிக்க வைப்பதுண்டு. இழுப்பாகவும் இருக்கலாம். ஆனால் இதயம் பலவீனமடைந்தவருக்கும் இதே இளைப்பும் இருமலும் ஏற்படும். இவ்விரண்டுக்கும் சிகிச்சை வேறு. எனவே காரணத்தை விரைவில் அறிதல் அவசியமாகும்.

இதற்கு வைத்தியருக்குத் துணை செய்பவையே விரைவான குருதிப் பரிசோதனைகள். சிறிதளவு குருதியைக் கொண்டு, சிறிய கருவிகளின் மூலம் நோயாளியின் கட்டிலருகிலேயே குறுகிய நேரத்தில் இவற்றின் முடிவைப் பெறலாம். முக்கியமானவை வருமாறு:

1. பி.என்.பி. பரிசோதனை: இதயவறையின் சுவர் அளவுக்கு மீறி இழுபடும்போது இதயம் பி.என்.பி. என்னும் ஓமோனைக் குருதியிற் சுரக்கும். 1988 இல் யப்பானிய ஆய்வாளர்கள் இதனை முதலில் பன்றியின் மூளையிலேயே கண்டனர். ஒரு மில்லிலீற்றரில் 100 பிக்கோகிராமுக்குக் குறைவாயின் இதயச் செயலிழப்பு இருக்கும் வாய்ப்பு குறைவு. 2002 இல் வெளியான ஓர் ஆய்வில், மூச்சுத்திணறலுடன் வந்த 1586 பேரிடம் இவ்வெல்லை சோதிக்கப்பட்டது. 83.4 சதவீதம் சரியான விடை கிடைத்தது.

2. டி-டைமர் பரிசோதனை: உடலினுள் உறைந்த குருதிக்கட்டி கரையும்போது உண்டாகும் புரதத் துண்டே டி-டைமர். காலின் நாளத்தில் உண்டான கட்டி இதயத்தின் வழியே சென்று சுவாசப்பை நாடியை அடைத்தால் திடீரென மூச்சுத் திணறும். ஆபத்து குறைவெனக் கருதப்படும் நோயாளியில் இதன் அளவு மில்லிலீற்றருக்கு 500 நனோகிராமுக்குக் குறைவாயின் இவ்வடைப்பு இல்லையெனக் கொள்ளலாம். ஆனால் கர்ப்பகாலம், கிருமித்தொற்று, சத்திரசிகிச்சை ஆகியவற்றின் பின்னும் இது உயரும். ஆகவே உயர்ந்த அளவு மட்டும் நோயை உறுதிப்படுத்தாது.

3. ட்ரோபோனின் பரிசோதனை: இதயத் தசை சேதமடையும்போது குருதியில் வெளிப்படும் புரதம் இது. மாரடைப்பைக் கண்டறிய உதவும். இது உயரச் சில மணித்தியாலங்கள் செல்லலாம் என்பதால் பரிசோதனை மீண்டும் செய்யப்படும்.

4. ஈமோகுளோபின் பரிசோதனை: குருதிச்சோகை உள்ளவருக்கு ஒட்சிசனைக் காவும் ஆற்றல் குறைவு. மலையேறிக் கொழுந்து பறிக்கும்போது அவருக்கு மூச்சு வாங்கும். உயரமான இடங்களில் வாழ்வோரின் ஈமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடும். ஆதலால் உயரத்தையும் கணக்கிலெடுத்தே குருதிச்சோகை தீர்மானிக்கப்படும்.

5. குருதி வாயுப் பரிசோதனை: நாடிக் குருதியில் ஒட்சிசன், காபனீரொட்சைட்டு, பி.எச். பெறுமானம் ஆகியன அளவிடப்படும். இயல்பான பி.எச். 7.35 - 7.45 ஆகும்.

கவனிக்க: ஆஸ்துமாவை உறுதிசெய்யத் தனியான குருதிப் பரிசோதனை எதுவுமில்லை. மேற்கூறிய 83.4 சதவீதம் என்பது, நூறு பேரில் ஏறத்தாழ 17 பேருக்குப் பிழையான விடை வரலாம் என்பதையும் காட்டுகிறது. ஆகவே நோயாளியின் வரலாறு, உடற்பரிசோதனை, இ.சீ.ஜி., எக்ஸ்-கதிர்ப் படம் ஆகியவற்றோடு சேர்த்தே வைத்தியர் முடிவெடுப்பார்.

2017 மே மாதம் டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட புதிய கட்டடம் திறக்கப்பட்டது. நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை உள்ளது. எந்தப் பரிசோதனை தேவையென்பதை வைத்தியர் தீர்மானிப்பார். நோயாளியைத் தாமதமின்றி அங்கு சேர்ப்பதே எமது கடமை. பேச முடியாத திணறல், நெஞ்சு வலி, உதடு நீலமாதல், ஒரு காலில் மட்டும் வீக்கம், படுத்தால் மூச்சு முட்டுதல் என்பன ஆபத்தின் அறிகுறிகள். உடனே 1990 இலக்க இலவச அம்புலன்ஸ் சேவையை அழைக்க வேண்டும்.

மாதிரி வினா: டி-டைமர் உயர்ந்துள்ள ஒருவருக்குச் சுவாசப்பை நாடியில் அடைப்பு உண்டென உறுதியாகக் கூறலாமா?

விடை: கூறமுடியாது. கர்ப்பகாலம், கிருமித்தொற்று முதலியவற்றிலும் அது உயரும். ஸ்கேன் போன்ற மேலதிகப் பரிசோதனையாலேயே உறுதி செய்யலாம்.