கடலோரக் கலாசாலை

பரங்கிப்பேட்டை என்றதும் சரித்திரம் படித்தவர்களுக்கு 1781-ம் வருஷத்து யுத்தமே ஞாபகத்திற்கு வரும். ஹைதர் அலியின் சேனையும் ஸர் அயர் கூட்டின் கம்பெனிப் பட்டாளமும் அங்கே பொருதின. வெற்றி கம்பெனியின் பக்கம் போயிற்று. ஆனால் அவ்வூருக்கு வேறொரு கீர்த்தியும் உண்டு. அண்ணாமலை சர்வகலாசாலையின் கடல் உயிரியல் உயராய்வு நிலையம், வெள்ளாறு வங்காள விரிகுடாவில் கலக்குமிடத்தில் அமைந்திருக்கிறது. தோற்ற யுத்தத்தை அறிந்த அளவு இந்த ஸ்தாபனத்தை நம்மவர் அறியாதது வருந்தத்தக்கதே.

ஜந்து சாஸ்திரப் பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா இதற்கு வித்திட்டவர். 1963-ல் பல்கலைக்கழக மானியக் குழு இதனை உயராய்வு மையமாக அங்கீகரித்தது. இங்கே நூல் நிலையமும் கடல் ஜீவராசிகளின் காட்சிசாலையும் உண்டு. எனினும் முதன்மையான உபகரணம் அந்த ஆற்றுமுகமே என்பது நமது அபிப்பிராயம். கடல் நீரில் ஆயிரம் பங்குக்குச் சுமார் 35 பங்கு உப்புண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்று வெள்ளம் புரண்டு வரும்போது முகத்துவாரத்தில் அவ்வுப்பு வெகுவாகக் குறைகிறது. கோடையில் மீண்டும் ஏறுகிறது. இம்மாறுதலைத் தாங்கி மீனும் இறாலும் நண்டும் எவ்வாறு பிழைக்கின்றன என்பதை மாணவன் படகிலேறி நேரில் காணலாம். அருகிலேயே பிச்சாவரத்துச் சதுப்புக் காடுகளும் இருக்கின்றன. சென்னையில் எத்தனை மாளிகை கட்டினாலும் இவ்வசதி கிட்டுமா?

இதனால் ஜனங்களுக்கு என்ன லாபம் என்று சிலர் கேட்கலாம். 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தது. மறு வருஷமே இந்நிலையத்து அறிஞர் பரங்கிப்பேட்டைக் கரையோரத்தில் 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்தி மரங்களும், கடலிலிருந்துள்ள தூரமும், நிலத்தின் உயரமும் உயிர்ச்சேதத்தைக் குறைத்தன என்று எழுதினர். தூரத்தையும் உயரத்தையும் கணக்கிட்டபின் மரங்களின் பங்கு அவ்வளவு அதிகமன்று என அயல்நாட்டு அறிஞர் மறுத்தனர். இவ்விவாதம் நல்லதே. கரையை நெடுங்காலம் அளந்து குறித்து வைப்பவர் இருந்தாலன்றோ இத்தகைய வழக்கைத் தீர்க்க இயலும்? அளவைகள் ஒரு வருஷம் நின்றால் அந்த வருஷத்தை எத்தனை பொருள் கொடுத்தாலும் மீட்க முடியாது.

1929-ல் ராஜா ஸர் அண்ணாமலைச் செட்டியார் நிறுவிய சர்வகலாசாலை 2013-ல் மாகாண ஸர்க்காரின் நேர் நிர்வாகத்திற்கு வந்துவிட்டது. ஆகவே அதன் ஆய்வுக்கூடங்கள் பிரஜைகளின் சொத்து. நாம் இரண்டு காரியங்களை வற்புறுத்துகிறோம். ஆசிரியர் ஸ்தானங்களும் படகுகளும் உபகரணங்களும் பணமுடையால் பாழாக ஸர்க்கார் இடம் தரலாகாது. அன்றியும், ஆங்கிலத்தில் அச்சாகும் ஆராய்ச்சி முடிவுகள் தமிழில் வெளிவர வேண்டும். வஞ்சிரத்தையும் வவ்வாலையும் பருவமறிந்து பிடிக்கும் வலைஞனுக்குக் கடலைப் பற்றிய சாஸ்திரம் அந்நிய பாஷையில் அடைபட்டுக் கிடப்பது தகுமா? அவன் அறிந்ததைப் பண்டிதர் கேட்கவும், பண்டிதர் கண்டதை அவன் படிக்கவும் வழி செய்வதே அந்நிலையத்தின் அடுத்த கடமை.